சட்டையைக் கழற்றிவிட்டுச் சொல்

மார்கிட்டின் மதுக்கடையில் அந்தச் சாம்பல் நிறச் சட்டை தொங்கும் ஆணியை யாரும் விளையாட்டுக்குக்கூடத் தொட மாட்டார்கள். ஒரு காலத்தில் தொட்டவன் ஒருவன் உண்டு. அவன் இப்போது எதிர்க்கடையில் குடிக்கிறான்.

சட்டையின் கதை சின்னதுதான். டொலிடோ ஹேமர்ஸ் கூடைப்பந்து அணி முதன்முதலாக, சீசன் முடிவில் வரும் பிளேஆஃப் சுற்றுக்குப் போன வருஷம், நடுவர் ஊதிய ஒரு விசிலுக்காக இந்தக் கடையில் இரண்டு பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஒருவன் கூரை வேய்கிறவன், இன்னொருவன் தபால்காரன். இருவருமே ஹேமர்ஸ் ரசிகர்கள். இருவருமே நடுவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். யார் அதிகமாகத் திட்டுவது என்பதில் சண்டை! மார்கிட்டுக்கு வந்ததே கோபம். மறுநாளே பழைய துணி விற்கும் கடைக்குப் போய், கூடைப்பந்து நடுவர்கள் போடுகிற மாதிரியே ஒரு சாம்பல் சட்டையை வாங்கிவந்து ஆணியில் மாட்டினாள்.

"இனிமே ஒவ்வொரு பிளேஆஃப் ஆட்டத்துக்கும் எவனாவது ஒருத்தன் இதைப் போட்டுக்கிட்டு ரெஃப்ரி பக்கம் பேசணும். மத்தவங்க அவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கோங்க. வேர்க்கடலைத் தோலை எறிஞ்சுக்கோங்க. கையை மட்டும் வச்சீங்க, வெளிய போய்க்கிட்டே இருக்க வேண்டியதுதான்" என்றாள்.

இன்னொரு விதியும் போட்டாள். ஆட்டம் முடிந்ததும் சட்டைக்காரன் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தன் மனசில் உண்மையாகவே பட்டதைச் சொல்ல வேண்டும். அவன் சொன்ன பிறகு பேச்சு கிடையாது. எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சட்டை ஆள் மாறி மாறிப் போனது. போட்டவனெல்லாம் பாதி ஆட்டத்துக்குள் கட்சி மாறி, சட்டையோடே எழுந்து நின்று நடுவரைத் திட்ட ஆரம்பித்துவிடுவான். கடைசியில் அது வெண்டலிடம் வந்து நிலைத்தது. வெண்டல் நகரப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். முழங்கால் போவதற்கு முன்னால் பள்ளிக்கூட ஆட்டங்களுக்கு விசில் ஊதியவன். பெற்றோர்களிடம் வாங்காத திட்டா? அவனுக்குத் தோல் தடித்துப் போயிருந்தது. சட்டை போட்டிருக்கும்போது நடுவர் செய்த அநியாயத்தையெல்லாம் நியாயமென்று கூசாமல் வாதாடுவான். கழற்றிய பிறகு அவன் சொல்வது வேறு மாதிரி இருக்கும். தரையில் கிடக்கும் வேர்க்கடலைத் தோலைக் காலால் கூட்டி, கூடைக்குக் கீழே, தடுக்கிறவன் கால் படக் கூடாதென்று போட்டிருக்கும் வளைகோட்டைப் போல வளைத்து வைப்பான். ஸ்டூலை நகர்த்திவிட்டு எழுந்து நிற்பான். "அவன் கால் இங்க இருந்துச்சு. இவன் இப்படி வந்தான்" என்று தன் காலையே வைத்துக் காட்டுவான். காட்டி முடித்தால் எதிர்த்துப் பேச ஒருவனுக்கும் வாய் வராது. ஹேமர்ஸ் தோற்றதற்கு ஹேமர்ஸ்தான் காரணம் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். ஒரு முறைகூட அவர்களைக் குளிர்விக்க ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதனால்தான் அவன் சொல்லுக்கு அத்தனை மதிப்பு.

அவன் பக்கத்து ஸ்டூல் ரூஃபஸுடையது.

ரூஃபஸ் கண்ணாடித் தொழிற்சாலையில் உலைக்கருகே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மணல் தூசி இத்தனை வருஷமாக நுரையீரலில் இறங்கி, இப்போது மூக்கில் குழாயும் கையில் இழுத்துப்போகும் சின்ன ஆக்சிஜன் சிலிண்டருமாக இருக்கிறான். மனைவி பிரிந்து போய்விட்டாள். மகள் அரிசோனாவில். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது, சிலிண்டர் மாற்றுவது, பனி பெய்தால் வாசலில் அள்ளிவிடுவது எல்லாம் வெண்டல்தான். இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் பிரியம் வைத்திருப்பதாக ஒரு நாளும் சொல்லிக்கொண்டதில்லை. ஆட்டம் பார்ப்பார்கள், சண்டை போடுவார்கள், அவ்வளவுதான்.

மார்ச் மாதத்தில் நுரையீரல் டாக்டரிடம் போனபோது ரூஃபஸ் ஒரு காரியம் செய்தான். டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்னால் கையைக் காட்டி நிறுத்தினான். "எங்கிட்ட வேணாம் டாக்டர். இவன்கிட்ட சொல்லுங்க" என்று சிலிண்டரை இழுத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டான். இப்படியும் ஒரு மனுஷன்! டாக்டர் கொஞ்சம் திகைத்தார், பிறகு வெண்டலிடம் சொன்னார். மரங்கள் இலை உதிர்க்கும் வரை தாங்கினால் பெரிய விஷயம் என்றார்.

திரும்பி வரும்போது காரில் ரூஃபஸ் சொன்னான்: "இப்ப எதுவும் சொல்லாத. எனக்குத் தெரிஞ்சுக்கணும்னு தோணுறப்ப நானே கேக்கறேன். அன்னைக்கு மழுப்பக் கூடாது. சட்டையைக் கழட்டிட்டு சொல்லுவியே, அந்த மாதிரி சொல்லணும். டாக்டர் சொன்னா நான் நம்ப மாட்டேன். நீ சொன்னா நம்புவேன்."

"சரி" என்றான் வெண்டல். அன்றிலிருந்து நெஞ்சில் ஒரு கல்லைத் தூக்கி வைத்த மாதிரிதான் இருந்தது அவனுக்கு. ரூஃபஸ் ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும், இதோ கேட்கப்போகிறான் என்று பயந்தான். ரூஃபஸோ, "உப்பை இந்தப் பக்கம் தள்ளு" என்பான்.

அந்த வருஷம்தானா ஹேமர்ஸுக்கு அப்படியொரு வேகம் வர வேண்டும்? முதல் சுற்று ஜெயித்தார்கள். இரண்டாவது சுற்றும் ஜெயித்தார்கள். மூன்றாவது சுற்றில் செயின்ட் லூயிஸ் அணியோடு ஆளுக்கு மூன்று ஆட்டம் ஜெயித்து, ஏழாவது ஆட்டம் பாக்கி. அதில் ஜெயித்தால் இறுதிச் சுற்று. டொலிடோ தன் பிறவியிலேயே இறுதிச் சுற்றைப் பார்த்ததில்லை. ரூஃபஸின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது, ஆனாலும் கண்ணில் ஒரு பளபளப்பு. "பாத்துட்டுப் போயிடுவேன் போலருக்கே" என்று ஒருநாள் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் ஆட்டம். வெளியே ஏரிக்காற்று ஈரமாக வீசிக்கொண்டிருந்தது. மார்கிட் மீன் வறுத்துக்கொண்டே, நடுவர்களின் பெயர் திரையில் வருவதற்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள். பெயர் வந்தது. கடையே ஒரே குரலில் முனகியது.

"ஸ்டாட்லரா! அந்த மொட்டையனா!" என்று தலையில் அடித்துக்கொண்டான் டானல். சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கும் இளவட்டம், வாய் நீளம். "அவ்ளோதான், நான் வீட்டுக்குப் போறேன். அவன் விசில் பிடிச்ச பிளேஆஃப் ஆட்டத்துல நாம என்னைக்கு ஜெயிச்சிருக்கோம்?"

"எங்க போற, உக்காரு. மீனுக்குச் சொல்லிட்ட" என்றாள் மார்கிட்.

வெண்டல் சட்டையைப் போட்டுக்கொண்டான். தொப்பையில் பட்டன் இழுத்துப் பிடித்தது. முதல் கடலைத் தோல் அப்போதே வந்து விழுந்தது.

"ஸ்டாட்லர் நல்ல நடுவர். லீக்லயே நல்லவர்னுதான் ஏழாவது ஆட்டத்துக்கு அனுப்புறாங்க" என்று ஆரம்பித்தான்.

"நல்லவரா? யாருக்கு நல்லவரு? டிவிக்காரனுக்கு! செயின்ட் லூயிஸ் பெரிய ஊரு. டொலிடோ ஃபைனலுக்குப் போனா எவன் பாப்பான்? நம்மளை நாமளே பாத்துக்க வேண்டியதுதான். இது லீக்குக்குத் தெரியாதா? மேலேர்ந்து ஒரு ஃபோன் போட்டா முடிஞ்சு போச்சு."

"அந்த ஃபோனை நீ கேட்டியா?"

"பெருசு, கேக்கணுமா? ஃபவுலுக்குக் குடுக்கற ஃப்ரீ த்ரோ கணக்கைப் பாரு! போன ஆட்டத்துல அவனுங்க போட்டது என்ன, நாம போட்டது என்ன?"

"அவனுங்க கூடைக்கிட்ட ஓடிப்போய் அடி வாங்குறானுங்க. நம்ம பசங்க தூரத்துல நின்னு எறியறானுங்க. காத்தா வந்து அடிக்கும்? யாரு மேல ஃபவுல் குடுக்கறது?"

ரூஃபஸ் சிரித்தான். சிரித்ததும் இருமல் வந்தது. வெண்டல் பேச்சை நிறுத்திவிட்டு அவன் இருமி முடிக்கும் வரை காத்திருந்தான். மற்றவர்களும் திரையைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"டானல் சொல்றதுல ஒண்ணு நெசம்" என்றான் ரூஃபஸ் மூச்சு திரும்பியதும். "பெரிய ஆட்டக்காரனுக்கு ஒரு சட்டம், சின்னப் பயலுக்கு ஒரு சட்டம். நட்சத்திரத்தைத் தொட்டா விசில். நம்ம பொடியன் பல்லு உடைஞ்சு கிடந்தாலும் ஆட்டம் ஓடுது. இதுக்கு என்ன சொல்ற சட்டைக்காரா?"

"நம்ம ட்ரெட்வெல் நட்சத்திரம் இல்லையா? அவனுக்கு ஊதுற விசிலை மட்டும் கையைத் தட்டி வாங்கிக்கிறீங்க. உங்க நியாயம் எல்லாம் ஒரு கூடைக்குத்தான் பேசுது."

தோல் மழையாகப் பொழிந்தது. வெண்டல் தலையிலிருந்து அதைத் தட்டிவிட்டுக்கொண்டான். அந்தக் கொஞ்ச நேரம் எல்லாம் பழையபடியே இருந்தது. வெண்டலுக்கே டாக்டர் சொன்னது மறந்துபோயிருந்தது.

ஆட்டம் கழுத்தோடு கழுத்தாகப் போயிற்று. மூன்றாவது கால் பகுதியில் ஒன்றுமில்லாத ஒரு விசிலை எதிர்த்து ஹேமர்ஸ் கோச் மறுபார்வை கேட்டார். தோற்றார். இனி அந்த வாய்ப்பு கிடையாது. "மடையன், மடையன்! கடைசியில இது வேணும்னு அழப்போறான் பாரு" என்றாள் மார்கிட். கரிநாக்கு என்பார்களே, அவளுக்கு அது உண்டு.

கடைசி நொடிகள். ஹேமர்ஸ் ஒரே ஒரு புள்ளி பின்னால். பந்து ட்ரெட்வெல் கையில். கடையில் ஒருவரும் மூச்சு விடவில்லை, ரூஃபஸின் சிலிண்டர் மட்டும் உஸ் உஸ் என்றது. ட்ரெட்வெல் ஒருவனை ஏமாற்றினான், உள்ளே பாய்ந்தான், எழும்பினான். செயின்ட் லூயிஸின் நெட்டையன் லின்ட்கிரென் குறுக்கே வந்து நின்றான். இருவரும் மோதி விழுந்தார்கள். பந்து கூடைக்குள் போனது. கடை கூரை பறக்கக் கத்தியது. டானல் மேசைமேல் ஏறிவிட்டான்.

விசில் ஊதியிருந்தது.

ஸ்டாட்லர் ஓடி வந்து கையைப் பின்னந்தலையில் வைத்துக் காட்டினார். தடுத்தவன் முன்பே இடம்பிடித்து நின்றுவிட்டான், பாய்ந்தவன்தான் இடித்தான் என்று அர்த்தம். சார்ஜ். கூடை செல்லாது. ட்ரெட்வெல் தரையில் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் விரித்தான். கோச் பைத்தியம் பிடித்தவர் மாதிரி மறுபார்வை கேட்டுச் சைகை செய்தார். கேட்க இனி அவருக்கு ஏது வாய்ப்பு? பந்து செயின்ட் லூயிஸ் கைக்குப் போனது, மிச்சமிருந்த நேரமும் ஓடிப்போனது. அவ்வளவுதான், முடிந்தது.

டானல் மேசையிலிருந்து இறங்கி, சட்டை போட்டிருந்த வெண்டலுக்கு நேராக வந்தான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. "பேசு பெருசு. இதுக்கும் பேசு. உன் மொட்டையனுக்காகப் பேசேன் பாப்போம்!"

"டானல்" என்று அடுப்படியிலிருந்து எச்சரித்தாள் மார்கிட்.

"கை வைக்கலையே நான்! பேசச் சொல்றேன், அவ்ளோதானே."

திரையில் அந்தக் காட்சியை மறுபடி மறுபடி போட்டார்கள், மெதுவாக, வேறு வேறு பக்கத்திலிருந்து. வெண்டல் பார்த்தான். முதல் தடவையிலேயே தெரிந்துவிட்டது. லின்ட்கிரெனின் இரண்டு காலும் வளைகோட்டுக்கு வெளியே, தரையில் ஊன்றி நின்றன. நெஞ்சு நேராக இருந்தது. ட்ரெட்வெல் தோளைச் சாய்த்துக்கொண்டு அந்த நெஞ்சில் போய் விழுந்தான். பள்ளிக்கூட ஆட்டமாக இருந்தால் வெண்டலே கையைப் பின்னந்தலையில் வைத்திருப்பான். அந்தக் கூச்சலுக்கு நடுவில், அத்தனை பேர் வயிற்றெரிச்சலுக்கு நடுவில், ஸ்டாட்லர் சரியாக ஊதியிருந்தார். கொடுமைதான், ஆனாலும் உண்மை அதுதான்.

"சட்டையைக் கழட்டு" என்றான் ரூஃபஸ்.

வெண்டல் பட்டனைக் கழற்றினான். சட்டையை ஆணியில் மாட்டினான். திரும்பியபோது ரூஃபஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். மூக்குக்குழாய் கன்னத்தில் பதிந்து சிவந்த கோடாகியிருந்தது. கண்ணிலிருந்த பளபளப்பு போய்விட்டது.

"சொல்லுடா. சார்ஜா, இல்லையா?"

சார்ஜ் என்று சொன்னால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. நியாயமாகத் தோற்றோம் என்று ஆகும். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகும். மற்றவர்களுக்கு அடுத்த வருஷம் இருக்கிறது, போகட்டும். இவனுக்கு? தங்கள் சொந்த ஆட்டக்காரனின் அவசரத்தால்தான் எல்லாம் போயிற்று என்பதை நெஞ்சில் வைத்துக்கொண்டு இவன் வீட்டுக்குப் போய் அந்த ஆக்சிஜன் இயந்திரத்தின் பக்கத்தில் படுத்துக்கொள்ள வேண்டுமா? பறித்துக்கொண்டார்கள் என்றால் கோபமாவது மிஞ்சும். கோபம் ஒரு துணை. மனுஷன் அதைக் கட்டிக்கொண்டாவது படுக்கலாம்.

"இல்ல" என்றான் வெண்டல். தரையில் கிடந்த கடலைத் தோலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சார்ஜ் இல்ல. கொள்ளையடிச்சுட்டானுங்க நம்மள."

கடை வெடித்தது. "பாத்தியா! வெண்டலே சொல்லிட்டான்!" டானல் ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடித்து அழுதான். முன்பின் பேசாதவர்களெல்லாம் முதுகில் தட்டினார்கள். இத்தனை வருஷத்தில் அவனுக்கு யாரும் பீர் வாங்கிக் கொடுத்ததில்லை. அன்று மூன்று கிளாஸ் முன்னால் வந்து நின்றது. வெண்டலுக்கு அவற்றைத் தொடப் பிடிக்கவில்லை. மார்கிட் மட்டும் கரண்டியைக் கையில் பிடித்தபடி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ரூஃபஸ் தலையை ஆட்டினான். "சரி" என்றான். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டான். காரில் வீடு வரை வாயே திறக்கவில்லை. இறங்கும்போது, "நாளைக்கு வா" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் சாயங்காலம், ஆட்டங்களை நடத்தும் லீக் தன் அறிக்கையை வெளியிட்டது. ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிஷத்தில் ஊதிய விசில் ஒவ்வொன்றும் சரியா தவறா என்று லீக்கே சொல்லும் அறிக்கை அது. தவறென்று வந்தாலும் ஆட்டத்தின் முடிவு மாறாது. பிறகு எதற்கு அந்த அறிக்கை என்று கேட்டால், அதற்கு இன்றுவரை டொலிடோவில் யாரும் பதில் சொன்னதில்லை.

வெண்டல் பணிமனையிலிருந்து நேரே மார்கிட்டின் கடைக்குப் போய், ரூஃபஸுக்காக மீன் சாண்ட்விச் கட்டச் சொல்லிவிட்டு நின்றான். டானல் கைபேசியைப் பார்த்துச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான்.

"மோதலுக்கு முந்திய கணத்தில் தடுப்பாளரின் உடல் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தது. எனவே, கேளுங்க, எல்லாரும் கேளுங்க! எனவே முடிவு தவறானது! கூடை செல்லும்! அவனுங்களே ஒத்துக்கிட்டானுங்க!"

"அப்ப ஆட்டத்தைத் திருப்பிக் குடுப்பானுங்களா?" என்றாள் மார்கிட்.

"எங்க குடுப்பானுங்க?"

"அப்பறம் அதை வச்சு நாக்கு வழிக்கவா? ஃபோனை உள்ள வை."

டானல் ஃபோனை உள்ளே வைத்தான். முகம் வாடிவிட்டது. "பெருசு நேத்தே சொன்னாரு" என்று முணுமுணுத்தான். "ஒரே பார்வையில சொன்னாரு."

வெண்டலுக்கு உடம்பெல்லாம் லேசானது. லின்ட்கிரென் நகர்ந்தானா? அவன் பார்த்தபோது நகரவில்லை. ஆனால் லீக்கே சொல்கிறது, அத்தனை கேமராவும் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறது. அப்படியானால் நேற்று சொன்னது பொய்யே இல்லை! நல்லவேளை, தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டான். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, சின்னப்பையன் மாதிரி வேகமாகக் காரை நோக்கி நடந்தான்.

"கண்ணு" என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள் மார்கிட். அவன் திரும்பினான். அவள் ஏதோ சொல்ல வந்து, "ஊறுகாய் உள்ள வச்சிருக்கேன்" என்றாள்.

ரூஃபஸின் வீட்டுக் கதவு சாத்தியிருக்கவில்லை. முன்னறையில் பெரிய ஆக்சிஜன் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அதிலிருந்து நீளக் குழாய் கம்பளத்தில் வளைந்து நெளிந்து ரூஃபஸின் நாற்காலிக்குப் போனது. டிவியில் அந்தக் காட்சி அசையாமல் நின்றது. ட்ரெட்வெல் காற்றில் இருந்தான். லின்ட்கிரென் அவன் முன்னால் நின்றான்.

"அறிக்கை வந்துருச்சு, கேட்டியா? தப்பு விசிலாம்! லீக்கே சொல்லிட்டான்" என்றான் வெண்டல், பொட்டலத்தை நீட்டியபடி.

ரூஃபஸ் பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். பிரிக்கவில்லை.

"கேட்டேன்" என்றான். "அவனுங்க ஊரு வாயை அடைக்க எதை வேணா எழுதுவானுங்க. தப்புன்னு ஒத்துக்கிட்டா அவனுங்களுக்கு என்ன காசா பணமா? உக்காராத. நில்லு."

வெண்டல் நின்றான்.

"நேத்து நீ காலை வச்சுக் காட்டலையே."

"என்னது?"

"எப்பவும் காட்டுவ. தோலைக் கூட்டிக் கோடு போட்டு, ஸ்டூலைத் தள்ளிட்டு எந்திரிச்சு நின்னு காட்டுவ. ஒருநாள்கூடக் காட்டாம இருந்ததில்ல. முட்டியில ஆபரேசன் பண்ண வருஷம்கூட சுவத்தைப் பிடிச்சிக்கிட்டுக் காட்டின. நேத்து ஆணிக்கிட்ட நின்ன எடத்துலேர்ந்தே சொன்ன. தரையைப் பாத்துக்கிட்டு." ரூஃபஸ் மூச்சு வாங்கினான். "இப்பக் காட்டு."

"எதுக்குடா இப்ப? முடிஞ்சு போனதை..."

"காட்டு வெண்டல்."

வெண்டலின் முகத்தில் ஈயாடவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தான். கம்பளத்தில் கடலைத் தோல் ஏது? ரூஃபஸ் குனிந்து, தன் மூக்குக்கு வரும் குழாயை இழுத்து, தரையில் அரைவட்டமாக வளைத்துப் போட்டான். "இதுதான் கோடு. மிதிச்சுடாத, செத்துடுவேன்" என்று சொல்லிச் சிரித்தான்.

வெண்டல் திரையைப் பார்த்தான். பிறகு குழாயைப் பார்த்தான். பூட்ஸைக் கழற்றினான். வலது காலைக் குழாய்க்கு வெளியே வைத்தான். இடது காலைக் கொண்டுவந்து பக்கத்தில் ஊன்றினான். நெஞ்சை நேராக நிமிர்த்தினான். பொய்யாக நிற்கலாம், ஒரு காலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் போதும். அவன் கால் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

ரூஃபஸ் அந்தக் காலையே ரொம்ப நேரம் பார்த்தான்.

"சார்ஜ்தான்" என்றான்.

"ஆமா. சார்ஜ்தான்."

"நானும் பாத்தேன். முதல் தடவையிலயே. எனக்கும் இத்தனை வருஷம் நீ சொல்லிக்குடுத்த கண்ணுதானே?" அவன் குரலில் கோபமே இல்லை. "நீ என்ன சொல்லுவன்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்."

"உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான்..."

"என் மனசு இதுக்கு முன்னாடி கஷ்டப்படலையா? ஒரு வருஷம் கூடுதல் நேரம் மூணு தடவ குடுத்தும் தோத்தப்ப மூஞ்சிக்கு நேரா சொன்னியே, நம்ம பயலுகளுக்குத்தான் ஓடத் தெரியலன்னு. ஒரு வாரம் உங்கூடப் பேசல. அப்ப சொன்ன. என் பொண்டாட்டி போனப்பவும் சொன்ன, தப்பு உன்னுதுதான்னு. எல்லாத்தையும் சொன்ன. நேத்து மட்டும் ஏன் சொல்லல?"

வெண்டல் ஊன்றிய தன் காலையே பார்த்தான்.

"நான் சொல்றேன்" என்றான் ரூஃபஸ். "அடுத்த வருஷம் உன் பக்கத்துல உக்காரப்போறவன்கிட்ட நீ பொய் சொல்லியிருக்க மாட்ட."

இயந்திரம் உறுமியது. வெளியே யாரோ காரைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். இல்லை, அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வெண்டல் வாயைத் திறந்தான். ரூஃபஸ் கையைக் காட்டி நிறுத்தினான், அன்று டாக்டரை நிறுத்திய மாதிரியே.

"இப்பக் கேக்கறேன். அன்னைக்கு டாக்டர் என்ன சொன்னாரு? அக்டோபர்ல சீசன் ஆரம்பிக்கும். நான் இருப்பனா?"

வெண்டலின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மூக்கோரம் ஓடியது. துடைக்கவில்லை.

"இலை உதிர்ற வரைக்கும் தாங்கினா பெருசுன்னாரு" என்றான். "இருக்க மாட்ட."

ரூஃபஸ் தலையை ஆட்டினான். நேற்று கடையில் ஆட்டிய மாதிரியில்லை, மெதுவாக, பலமுறை ஆட்டினான். திரையில் ட்ரெட்வெல் இன்னும் காற்றிலேயே இருந்தான். ரூஃபஸ் ரிமோட்டைத் தேடி எடுத்து அதை அணைத்தான். மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, சாண்ட்விச்சை இரண்டாகப் பிய்த்து, பாதியை நீட்டினான்.

வெண்டல் வாங்கவில்லை. குழாய்க்கு வெளியே, இரண்டு காலையும் ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி, அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

"உக்காருடா" என்றான் ரூஃபஸ். "முட்டி வலிக்கும்."